தாயத்துக்காகக் காத்திருந்த பல்லி

எங்கள் பள்ளியில் பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுத்துக்கொண்டிருந்த வேதா, கல்யாணமான மூன்றாம் வாரமே ராஜினாமா கொடுத்தாள். காரணம் கேட்டதற்கு ஒரே வார்த்தைதான் சொன்னாள்: அமெரிக்கா. நாங்கள் ஸ்டாஃப் ரூமில் சேர்ந்து அவளுக்கு ஒரு பெரிய சூட்கேஸ் வாங்கிக் கொடுத்தோம். அடர் நீலம், சக்கரம் வைத்தது, ஓர் ஆளையே உள்ளே வைத்துப் பூட்டிவிடலாம். கணக்கு டீச்சர் என்றால் பேரம் பேசத் தெரியும் என்று இந்த உலகம் நம்புவதால், அதைத் தேடிக் குரோம்பேட்டை முழுக்க அலைந்தவள் நான். அலைந்ததை இங்கே சொல்லிவைப்பதற்குக் காரணம் உண்டு. அடுத்த வருஷம் ஜூன் மாதம்வரை அந்தப் பெட்டி மீனம்பாக்கத்தைக்கூடப் பார்க்கவில்லை.

வேதாவின் கணவன் ஷ்யாம்சுந்தர் நல்ல பையன். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு இதைச் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். லீவில் வந்தான், தாலி கட்டினான், போனான். "ரெண்டு மாசத்துல விசா வந்துடும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். பிறகு வேறு கம்பெனிக்கு மாறினான். பேப்பர்களைப் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. போட்டதற்கு, பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. சனிக்கிழமை காலைகளில் கம்ப்யூட்டரில் அவன் முகம் தெரியும். தெரிந்த உடனே "அடுத்த மாசம் கண்டிப்பா" என்பான். இப்படியே வருஷம் ஒன்று ஓடிவிட்டது. இரண்டாயிரத்து எட்டு பிறந்து பாதியும் போய்விட்டது.

வேதா இருந்தது சிட்லபாக்கத்தில், ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி, மாமனார் வீட்டில். என் வீடும் அங்கேதான், நாலு தெரு தாண்டி. மாமனார் சுந்தரராமன் பாங்கில் வேலைபார்த்து ரிட்டயர் ஆனவர், பேப்பருக்குப் பின்னால் வாழ்பவர். மாமியார் லோகநாயகி மாமி அவளை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. சாப்பிட்டியா, தூங்கினியா என்று கேட்காத நாளில்லை. ஆனால் வேதாவால் ஒரு காரியமும் செய்ய முடியவில்லை. திருச்சியில் தங்கைக்கு வளைகாப்பு என்றால், "போயிட்டு வரலாம்மா, ஆனா அன்னிக்குன்னு பார்த்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டுட்டா?" கார் ஓட்டக் கற்றுக்கொள்ளலாம் என்றால், "அங்க ரோடே வேற. அங்க போய்க் கத்துக்கோ." சாயங்காலம் ஏரிக்கரையில் நடக்கலாம் என்றால், "வெயில்ல கறுத்துப்போய், பாஸ்போர்ட் போட்டோல இருக்கறது வேற ஆளுன்னு சொல்லிடப் போறா." செருப்பு அறுந்தால்கூட, "அங்க போய் நல்லதா வாங்கிக்கலாம்." அறுந்த வாரை ஊக்குப் போட்டு மாட்டிக்கொண்டு, வேதா கோயிலுக்கு மட்டும் போய்வந்தாள்.

ஷ்யாம்சுந்தர் அடுத்த மாசம் என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் மாமி பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் எல்லாம் செய்து அந்த நீலப் பெட்டியில் அடுக்குவார். நாள் தள்ளிப்போகும். பொடி பழசாகிவிடும் என்று எடுத்து அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பார். அமெரிக்கா போக வேண்டிய பருப்புப்பொடியை நான் எத்தனையோ முறை என் வீட்டில் நெய் விட்டுப் பிசைந்து சாப்பிட்டிருக்கிறேன். ருசிக்குக் குறை சொல்ல முடியாது.

ஜூன் மாதம் பள்ளி திறந்து கொஞ்ச நாளிலேயே, வேதாவுக்குப் பதிலாக வந்தவள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள். எங்கள் தலைமையாசிரியை வேதசிரோமணி மேடம் என்னைக் கூப்பிட்டார். "அந்தப் பொண்ணு இன்னும் ஊர்லதானே இருக்கா? திங்கட்கிழமை வந்தா வேலை அவளுக்கு. வரலைன்னா பேப்பர்ல விளம்பரம் குடுத்துடுவேன். பசங்களுக்கு பப்ளிக் எக்ஸாம், என்னால காத்திருக்க முடியாது" என்றார். காத்திருக்க முடியாது என்று ஒருவர் வாயிலிருந்து கேட்டதே எனக்குக் காதில் தேன் வார்த்த மாதிரி இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் போனேன். மாமா கதவைத் திறந்துவிட்டுப் பேப்பருக்குத் திரும்பினார். மாமி உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். வேதாவின் அறைக் கதவைத் தள்ளினேன். நீலப் பெட்டி தரையில் படுத்திருந்தது. அதன்மேல் நாலாக மடித்த துண்டு, துண்டின்மேல் இரண்டு பித்தளைத் தாயக்கட்டை. வேதா அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் துண்டோடு சுருட்டி மடியில் போட்டுக்கொண்டாள்.

"இன்னா வேதா, தாயமா? யாரோட ஆடிக்கினு கீறே?" என்றேன். எனக்குப் பூர்வீகம் கோவளம் பக்கம், மீன்பிடிக் குடும்பம். வகுப்பில் பேசுவது ஒரு தமிழ், வேதாவிடம் பேசுவது என் வீட்டுத் தமிழ்.

"தனியாத்தான் பொன்னி மிஸ். மெதுவாப் பேசுங்க. வைகுண்ட ஏகாதசி தவிர வேற நாள்ல இதை எடுக்கவே கூடாதுன்னு அம்மா சொல்வா. நடக்கற காரியம் நின்னு போயிடுமாம்." அம்மா என்று அவள் சொன்னது மாமியாரை.

நான் வந்த விஷயத்தை முதலில் சொன்னேன். திங்கட்கிழமை, வேலை, விளம்பரம் எல்லாம். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து உடனே அணைந்தது. "எப்படி மிஸ் வர்றது? பாதியில விசா வந்துட்டா? பசங்களை நடுவுல விட்டுட்டுப் போறது பாவமில்லையா?" என்றாள். ஒரு வருஷமாக வராதது ஒரு டெர்முக்குள் வந்துவிடுமாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் இந்தத் தாயம் என்ன கூத்து என்று தெரிந்துகொள்ளும் ஆசை அதைவிடப் பெரிதாக இருந்ததால், அதைக் கேட்டேன்.

ஷ்யாம்சுந்தரோடு பேசுவதற்காக வாங்கிப்போட்ட கம்ப்யூட்டரில்தான் அவள் அதைக் கண்டுபிடித்திருந்தாள். யாரோ ஒருவர் தாமே யோசித்து இன்டர்நெட்டில் போட்டிருந்த விளையாட்டு. தனி ஆளாக ஆடுவது. பகடை, பென்சில், காகிதம் இருந்தால் போதும். முதலில் துணைக்கு ஓர் உயிரைக் கற்பனை செய்து வரைய வேண்டும். அது தங்க ஒரு குகை வரைய வேண்டும். அப்புறம் நாளுக்கு ஒரு தடவை பகடையை உருட்டி, அந்த எண்ணுக்கு உரிய இடத்துக்குத் துணையோடு போக வேண்டும். ஒன்று தண்ணீர், இரண்டு மரம், மூன்று சுவர், நாலு ரோடு, ஐந்து கூரை, ஆறு இருட்டு. அங்கே எதிர்ப்படுவதை வரைந்துவிட்டால் அது நம் கூட்டத்தில் சேர்ந்துவிடும். வரையாவிட்டால் தப்பித்துவிடும். வரைவதுதான் பிடிப்பது. நிஜத்தில் பார்த்த ஒரு பிராணியை வைத்துக்கொண்டு அதற்கு இன்னொரு காது, இன்னொரு வால் என்று நம் இஷ்டப்படி சேர்க்கலாம்.

வீட்டில் சாதாரணப் பகடை கிடையாது. பரமபத அட்டையோடு வைத்திருந்த தாயக்கட்டை இருந்தது. மாமி தூங்கும் நேரத்தில், சத்தம் கேட்காமல் துண்டின்மேல், நாளுக்கு ஒரே உருட்டல்.

படங்களைக் காட்டினாள். மாமா தினமும் காலையில் கிழித்துப்போடும் நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் வரைந்து, துணிக்கு மாட்டும் கிளிப்பில் சேர்த்து வைத்திருந்தாள். முன்பக்கம் ராகு காலம், பின்பக்கம் ஒரு பல்லி. பல்லி உடம்பு, அணில் முதுகின் கோடுகள், ஆந்தைக் கண். பெயர் கிச்சு. எங்கள் வேதா எங்கே போனாலும் விலங்கியல் டீச்சர்தான். ஷேடிங் கிடையாது, புள்ளிதான். எல்லாப் படத்துக்கும் வலது பக்கம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு லேபிள் எழுதியிருந்தாள். ரெக்கார்டு நோட்டில் இடதுபக்கம் லேபிள் போட்ட பிள்ளைகளை மதியம் சாப்பிட விடாமல் திருத்தவைத்தவள் ஆயிற்றே.

படம் அபாரமாக இருந்தது. சிரித்துக்கொண்டேதான் புரட்டினேன். புரட்டப் புரட்டச் சிரிப்பு நின்றுவிட்டது. எல்லாத் தாளிலும் அதே கிச்சு, அதே குகை. குகைக்கு நாளாக நாளாக ஜன்னல் வந்திருந்தது, ஜன்னலுக்குக் கம்பி வந்திருந்தது, மூலையில் ஒரு பெட்டி வந்திருந்தது. கிச்சுவுக்கு நகம் நீண்டிருந்தது. வால் மட்டும் ஒவ்வொரு தாளிலும் குட்டையாகிக்கொண்டே வந்தது.

"வாலுக்கு இன்னா ஆச்சு?"

"உள்ளேயே இருக்கறதால சிறுத்துப் போயிண்டிருக்கு மிஸ்."

"எத்தினி புடிச்சே இதுவரைக்கும்?"

"ஒண்ணுகூட இல்லை. கிச்சு இன்னும் வெளியிலயே வரலையே. மூணு வாரமா உருட்டறேன், தாயம் விழமாட்டேங்கறது."

நான் "அச்சச்சோ" என்று தலையாட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்பதில் எனக்கும் ஒரு சந்தேகமும் எழவில்லை. எங்கள் குப்பத்தில் கரியால் கட்டம் போட்டு, சோழியும் புளியங்கொட்டையுமாக ஆடி வளர்ந்தவள் நான். ஒன்று விழாமல் எந்தக் காயும் கட்டத்துக்குள் கால் வைத்ததில்லை. அதனால் நான் செய்தது, கணக்கு டீச்சர் செய்யும் காரியம். இரண்டு கட்டைக்கும் சேர்த்துப் பதினாறு விதமாக விழலாம், அதில் இரண்டுதான் தாயம், ஆக எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு, மூன்று வாரம் விழாமல் இருப்பது துரதிர்ஷ்டமே தவிர அதிசயமில்லை என்று அவளுக்கு விளக்கினேன்.

விளக்கும்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. "எங்க வூட்ல அஞ்சு வுழுந்தாலும் காய எறக்குவோம். உனக்கு அஞ்சு வுழுந்துச்சா?"

"நிறைய விழுந்தது. ஆனா எங்காத்துல தாயம் மட்டும்தான் மிஸ் கணக்கு."

"இது உங்க வூட்டு ஆட்டமும் இல்ல, எங்க வூட்டு ஆட்டமும் இல்ல. அந்த ஆளு ரூல்ல இன்னா எழுதிக்கீறான்னு பாப்போம், வா."

ஹாலுக்கு வந்தோம். மாமா பேப்பரைச் சரியச் சரியப் பிடித்தபடி கண்ணயர்ந்திருந்தார். கம்ப்யூட்டர்மேல் மாமி தைத்துப் போட்டிருந்த பூப்போட்ட உறையை வேதா சத்தமில்லாமல் உருவினாள். பக்கம் திறந்தது. ஒன்றரைப் பக்கம்தான் விதிகள். நான் விரல் வைத்துப் படித்தேன். துணையை வரை. குகையை வரை. உருட்டு. புறப்படு. அவ்வளவுதான் இருந்தது. மேலே போய்த் திரும்பவும் படித்தேன். எந்த எண் விழுந்தால் இறங்கலாம் என்று எங்கேயும் எழுதியில்லை. எந்த எண் விழுந்தாலும் முதல் நாளே போகலாம்.

"தாயம் எங்க கீது இதுல?" என்றேன்.

வேதா குனிந்து படித்தாள். வாய்விட்டு, ஒவ்வொரு வார்த்தையாக. படித்து முடித்துவிட்டு, என்னைப் போலவே மேலே போய்த் திரும்பவும் படித்தாள்.

"முதல் நாளே நாலு விழுந்தது மிஸ்" என்றாள். "நாலுன்னா ரோடு. மறுநாள் ரெண்டு. மரம். எல்லா நாளும் ஏதோ ஒண்ணு விழுந்துண்டேதான் இருந்தது. நான்தான் போகலை."

நான் அவள் தோளைத் தொட்டேன்.

மாமி எழுந்து வந்தார். "வாங்கோ பொன்னி, எப்போ வந்தேள்?" என்று கேட்டுக் காபி கலந்து கொடுத்தார். நான் டம்ளரை வாயில் வைப்பதற்குள் வேதா ஆரம்பித்துவிட்டாள். "அம்மா, ஸ்கூல்ல திரும்பக் கூப்பிடறா. திங்கட்கிழமைலேர்ந்து போகலாம்னு இருக்கேன்."

"தாராளமாப் போயேன்" என்றார் மாமி. "நாங்க எப்போ வேண்டாம்னோம்?"

வேதாவின் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். ஒரு வருஷம் முழுக்க, அந்த வீட்டில் யாருமே வேண்டாம் என்று சொன்னதில்லைதான். எழுதாத விதி அது. மாமி இன்னும் முடிக்கவில்லை. "ஆனா ஒண்ணு, இந்த ஒரு மாசம் மட்டும் பொறுத்துக்கோ. இந்தத் தடவை கண்டிப்பா வந்துடும்னு ஷ்யாம் காலைல சொன்னானே. வேலைக்குச் சேர்ந்த கையோட விட்டா நன்னாவா இருக்கும்?" சொல்லிவிட்டு, "ஆமாம், ஏதோ உருள்ற சத்தம் கேட்டுதே?" என்றார்.

கட்டையைத்தான் துண்டோடு சுருட்டி வைத்தாயிற்றே, எலி என்று சொல்லிவிடுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். வேதா, "தாயக்கட்டை அம்மா. நான்தான் தினம் உருட்டறேன்" என்றாள்.

மாமி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அடிப்பாவி, அதான் விசா வரலையா!"

மூன்று வாரத் தாயம் ஒரு வருஷ விசாவை எப்படி நிறுத்தும், மாமி என்று கேட்க என் நாக்கு துடித்தது. வந்த இடத்தில் சண்டை வேண்டாம் என்று காபியைக் குடித்தேன். மாமி உள்ளே போய் இரண்டு கட்டைகளையும் எடுத்துவந்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். வேதாவின் பாஸ்போர்ட்டும் அந்த பீரோவில்தான் இருந்தது. சாவி மாமியின் இடுப்புக்குப் போனது. கிளம்பும்போது வாசல்வரை வந்து என் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தார். பருப்புப்பொடி. போன மாதம் அரைத்தது.

ஞாயிற்றுக்கிழமை வேதாவிடமிருந்து போன் வரவில்லை. நானும் செய்யவில்லை. திங்கட்கிழமை தாம்பரம் ஸ்டேஷனில், பள்ளி இருக்கும் கூடுவாஞ்சேரிக்குப் போகும் வண்டிக்காக நின்றேன். வழக்கமான வண்டி வந்தது. பிளாட்பாரம் முழுக்கப் பார்த்தேன், அவளைக் காணோம். ஏறாமல் விட்டுவிட்டேன். அடுத்த வண்டியில் போனால் பிரேயருக்குப் போக முடியாது, மேடம் வாட்சைத் தட்டிக் காட்டுவார். காட்டட்டும் என்று நின்றேன். சனிக்கிழமை மாமியிடம் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும், காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் மேம்பாலப் படியில் அவள் இறங்கி வந்தாள். காட்டன் புடவை, தோளில் பழைய ஸ்கூல் பை. ஒரு காலில் செருப்பு, இன்னொரு செருப்பு கையில்.

"கேட்டைத் தாண்டும்போது திரும்பவும் அறுந்துடுத்து மிஸ்" என்றாள், மூச்சு வாங்க. "அம்மா வாசல்லயே நின்னுண்டிருந்தா. சகுனம் சரியில்லை, நாளைக்குப் போன்னா. நான் இதைக் கையில எடுத்துண்டு நடந்துட்டேன். திரும்பிப் பார்க்கலை. பார்த்தா நின்னுடுவேன்னு பயமா இருந்தது."

"கால் சுடலியா?"

"சுட்டுது."

ஸ்டேஷன் வாசலுக்கே திரும்பிப் போனோம். கோணியில் செருப்பைப் பரப்பிக்கொண்டிருந்தவன், "போட்டுப் பாருக்கா, ரெண்டு வருஷம் உழைக்கும்" என்றான். வேதா ஒரு கறுப்புச் செருப்பை மாட்டிக்கொண்டு நாலடி நடந்து பார்த்தாள். "இங்கயே வாங்கிக்கறேன் மிஸ்" என்றாள். சாதாரணச் செருப்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது, கடைக்காரன் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

வண்டியில் உட்கார இடம் கிடைத்தது. வேதா பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். அன்றைய தேதித் தாள். மாமா எழுந்திருப்பதற்குள் அவளே கிழித்துக்கொண்டு வந்திருக்கிறாள். மடியில் பையை வைத்து அதன்மேல் வரைய ஆரம்பித்தாள். வண்டி ஆடியது, கோடும் ஆடியது, ஆனாலும் அழிக்கவில்லை. ஒரு தெருநாய். மூன்று காது.

"ஏரிக்கரை முக்குல இருக்கறது மிஸ். காலைல என்னைப் பார்த்து அப்படிக் குரைச்சது. ஒரு வருஷமா ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கேன், அதுக்கு என்னைத் தெரியலை."

"இது நாலாம் நம்பர், ரோடு. நாலா வுழுந்துச்சு?" என்றேன்.

"உருட்டவே இல்லை மிஸ். கட்டை பீரோவுலன்னா இருக்கு."

நாய்க்குப் பக்கத்தில் கிச்சுவை வரைந்தாள். பின்னால் குகையும் இல்லை, கம்பியும் இல்லை, வெறும் காகிதம். லேபிள் போட ஸ்கேல் இல்லாததால் என் ரயில் பாஸின் விளிம்பை வைத்துக் கோடு இழுத்தாள். வலது பக்கம்தான். எட்டிப் பார்த்தேன். கிச்சுவின் வால் முன்பைவிடக் குட்டையாக, ஒரு மொட்டுப்போல இருந்தது.

"வெளியதான் வந்தாச்சே. வாலை முழுசாப் போட்டா இன்னா?"

"உடனே எப்படி மிஸ் வரும்?" என்றாள் வேதா, தலை நிமிராமல். "ஆனா வளரும். பல்லிக்கு அறுந்த வால் திரும்ப வளரும்னு வருஷா வருஷம் கிளாஸ்ல நான்தானே சொல்லித் தந்தேன்."